வியாழக்கிழமை வரிசை

அறுபத்தோராவது நாளும் அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. அற்புதமேரி பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். இதுவரைக்கும் இரண்டே இரண்டு பெயர்கள். முதலாமவர் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தவர். இரண்டாமவர் ஆவணி வெயிலுக்கு ஒதுங்கியவர். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் உட்கார்ந்து, வேர்வை அடங்கியதும், "நல்லா காத்து வருதும்மா இங்க" என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த இரண்டு பேரையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறாள் என்றால் அவள் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகிற சாலையில், கிறிஸ்தவ சபை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், இரண்டு நர்சு, ஒரு கம்பவுண்டர், வேலை பழகும் நாலு பெண்கள், இவ்வளவுதான். அற்புதமேரி சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே லைனில் கேங்மேனாக இருந்த சின்னப்பராஜின் மகள். அந்த லைன் வீடுகளிலிருந்து எம்.ஏ. வரைக்கும் படித்த முதல் ஆள். மனோதத்துவம் படித்து, பெங்களூரில் இரண்டு வருஷம் பயிற்சியும் முடித்து வந்தவளைப் பார்த்து அவள் அப்பா, "ஏம்மா, இதுக்குப் பேங்க்கு பரீட்சை எழுதியிருக்கலாமில்ல?" என்றுதான் கேட்டார். அவள் எழுதவில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வருகிற கூட்டத்தோடு கூட்டமாக மனசுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், அதைப் பழகும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், மனசு கெட்டால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போகவேண்டும் என்ற நிலைமை மாற வேண்டும் என்று சபைக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். சபைக்காரர்கள் பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார்கள். பொங்கல் கழிந்து கமிட்டி வரும். வேலை நடந்திருந்தால் அவளும் அவளுடைய வகுப்பும் இருக்கும். இல்லையென்றால் அவள் பிரிவுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த அறைக்கு எக்ஸ்ரே மெஷின் வரும், அவள் செங்கல்பட்டில் ஏதாவது கன்னியாஸ்திரீ பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தேடிப் போகலாம்.

டாக்டர் சூசைராஜ் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாளைக்கு நூறு நாக்கைப் பார்க்கிறவருக்கு நின்று பேச நேரம் ஏது? "மேரி, எக்ஸ்ரேல எலும்பு தெரியும். உன் ரூம்ல என்ன தெரியும், சொல்லு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். சிரித்துக்கொண்டு கேட்பதால் வலி குறைந்துவிடுமா என்ன? அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கலாம் என்று கம்பவுண்டர் ஜன்னல் பக்கம் போனாள்.

கம்பவுண்டர் நாகப்பன் மணிமங்கலத்துக்காரர். கை மிக்சர் ஊற்றும், வாய் ஊரை வையும், இரண்டும் ஒரே வேகம். அந்தக் காலத்தில் மருந்துக்கு அவரவர் பாட்டிலை அவரவரே கொண்டுவர வேண்டும். ரோஸ் நிறத்தில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். வியாழக்கிழமை என்றால் அவருக்கு இடுப்பு ஒடிந்துவிடும், வரிசை கேட்டுக்கு வெளியே போய்விடும். நெஞ்சுப் படபடப்பு, கை கால் நடுக்கம், தொண்டையில் என்னமோ அடைக்கிறது. அத்தனையும் பெண்கள், அத்தனை பேருக்கும் ஒரே மிக்சர். அன்றைக்கும் வியாழக்கிழமைதான்.

"உங்க ரூமாண்ட எவன் வருவான்னு பாத்துகினு கீறீங்க டீச்சரம்மா?" என்றார் நாகப்பன் டீயை நீட்டிக்கொண்டே. அவளை ஊரே டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. "மனநலப் பிரிவுன்னு இம்மாம் பெரிய போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க. அந்த வாசப்படிய மிதிச்சா கீழ்ப்பாக்கம் கேஸுன்னு சொல்லிட மாட்டாங்களா? பொண்ணு குடுக்கணும், எடுக்கணும், அவங்களுக்கு ஆயிரம் கீது."

அவளுக்குச் சுரீரென்றது. பெங்களூரில் இதை யாரும் சொல்லித்தரவில்லையே! டீ கிளாஸோடு திரும்பியவள் கேட் பக்கத்துப் பூவரச மரத்தடியைப் பார்த்தாள். மரத்தடி மண் ரோஸ் நிறமாக இருந்தது. ஒரு முறம் அகலத்துக்கு, நன்றாக ஊறிப்போன ரோஸ். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வரிசைக்கு வருமுன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, பாட்டிலைக் கவிழ்த்து, முக்கால் பாட்டில் மிக்சரை மண்ணில் கொட்டினாள். பிறகு குழாயடியில் பாட்டிலை அலசி, நல்ல பிள்ளையாக வரிசையில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே செய்தாள்.

"நாகப்பண்ணே, இவங்க யாரும் மருந்தைக் குடிக்கிறதே இல்லையா?"

"பாட்டில்ல மிச்சம் வெச்சா நான் கத்துவேன்ல. அதான் ஊத்திட்டு வராங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

குடிக்காத மருந்துக்கு ஐந்து மைல் பஸ்ஸேறி வருவானேன்? அற்புதமேரி அன்றைக்குத் தன் அறைக்குத் திரும்பிப் போகவில்லை. டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரத்தடியில் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் பாட்டிலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மிக்சரை முதலில் கொட்டினவள், முப்பது வயதிருக்கும், மூக்குத்தி போட்டிருந்தாள், சுந்தராம்பாள் என்று பெயர், அவள்தான் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டாள்.

"டீச்சரம்மாவுக்கு இன்னா பண்ணுது ஒடம்புக்கு?"

"எங்கிட்ட யாருமே வரலைன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா" என்றாள் அற்புதமேரி. நிஜமாகவே அதுதான் அவளுக்கு இருந்தது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள்.

மூன்றரை மணிவரைக்கும் ஊர்ப்பட்ட கதை ஓடியது. அப்புறம் பேச்சு தானாகத் தேய்ந்தது. சுந்தராம்பாள் ஜன்னலைப் பார்த்து, "அண்ணே, மணி இன்னா?" என்றாள். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. நாலு அடித்தபோது மரத்தடியில் ஒருத்தி வாயிலும் பேச்சில்லை. சுந்தராம்பாளின் கையைத் தற்செயலாகத் தொட்ட அற்புதமேரிக்குத் திக்கென்றது, அப்படி ஜில்லிட்டிருந்தது. மருந்து வாங்கியாகிவிட்டது, ஆனாலும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நாலே முக்காலுக்கு ஒரகடம் பக்கமிருந்து பஸ் வந்து கேட் எதிரில் நின்றது. அத்தனை பெண்களும் தடதடவென்று எழுந்து ஓடினார்கள். கண்டக்டர் கோபால் படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டினான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லா கீறாங்க!" அவ்வளவுதான், தொண்டை அடைப்பும் கைநடுக்கமும் போன இடம் தெரியவில்லை. பெண்கள் சாலையைத் தாண்டி, சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

மறுநாள் சுந்தராம்பாளின் வீட்டுக்கே போய்த்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டாள். ஒரகடம் தாண்டி மலைமேல் கல் குவாரி, அடிவாரத்தில் குவாரிக்காரர்களின் காலனி. வாரம் முழுக்கப் பாறையில் வெடிக்குழி போடுவார்கள். வியாழக்கிழமை நாலு மணிக்கு வெடி. திரியில் நெருப்பு வைக்கிறவன் சுந்தராம்பாளின் புருஷன் சுப்பராயன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழி வெடிக்கவில்லை. பார்க்கப் போனான் சுப்பராயனின் தம்பி. போன பிறகு வெடித்தது. அன்றைக்கு மலைமேல் என்ன நடந்தது என்று கீழே காலனிக்குத் தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் காலனியில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் புருஷன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சத்தம் காதுல வுழாத எடத்துக்குப் போயி குந்திகினா போதும்னு இருக்கும்மா" என்றாள் சுந்தராம்பாள். "சும்மா போறேன்னா மாமியா வுடுமா? பாட்டில் எடுத்துகினு போனா ஒண்ணும் சொல்லாது."

அற்புதமேரி அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படித்தவள் நோயாளி வீட்டில் அழக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த நாள் காலையில் போர்டைத் தானே கழற்றினாள். டாக்டர் அறைக்குப் போய், "ரூமை எடுத்துக்குங்க டாக்டர். எனக்கு நாகப்பண்ணன் ஜன்னல் பக்கத்துல ஒரு ஸ்டூல் போதும்" என்றாள். சூசைராஜ் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வரிசையில் நிற்பவர்களோடு பேசினாள். சாயங்காலம் மரத்தடியில் நர்சு ரோஸிக்கும் பழகும் பெண்களுக்கும் வகுப்பு. பெங்களூர் நோட்டுகளை மூட்டை கட்டிவிட்டாள். "என்ன பண்ணுதுன்னு கேட்டா நெஞ்சுவலின்னு சொல்லுவாங்க. எந்தக் கிழமை பண்ணுது, எத்தனை மணிக்குப் பண்ணுது, அப்ப வீட்டு ஆளுங்க எங்க இருக்காங்கன்னு கேளுங்க" என்றாள். ரோஸி போய்க் கேட்டாள். குவாரிப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் வியாழக்கிழமை, பன்னிரண்டு பேருக்கும் நாலு மணி.

இதற்கு வழி அவளுக்குத் தன் வீட்டிலிருந்தே கிடைத்தது. அப்பா லைனில் வேலை செய்யும்போது தண்டவாளத்தில் சுத்தியல் அடிக்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். மெயில் வண்டி கடந்து போனதும் அம்மா அடுப்பங்கரையில் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுப்பாள். சுத்தியல் சத்தம் மறுபடி கேட்ட பிறகுதான் குழம்பைக் கிளறுவாள். வண்டி போவது ஒரு பொருட்டே இல்லை, அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் இருக்கிற நேரம்தான் ஆளைத் தின்னும் என்று அற்புதமேரிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர்கள் ஊர் மாதா கோயிலில் வெண்கல மணி வருமுன் ஒரு தண்டவாளத் துண்டைத்தான் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அது கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. சாமியாரிடம் கேட்டு வாங்கி, அப்பாவும் மகளுமாகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கோபால் லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. குவாரி மேஸ்திரி, அப்பாவு என்று பெயர், அவர்தான் மசியவில்லை.

"வெடி முடிஞ்சதும் பேரு கூப்ட்டு எண்ணணும், எண்ணி முடிச்சதும் இத்த அடிக்கணும். சரி. எண்ணும்போது ஒர்த்தன் கொறஞ்சா? மணி அடிக்கலன்னா காலனியே மேல ஓடியாராது?"

"ஓடி வரட்டுமே, மேஸ்திரி. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் தெரியாம கெடந்தாங்களே, அதைவிட மோசமா?"

மேஸ்திரி பீடியை மிதித்து அணைத்தார். சுப்பராயன் அதுவரைக்கும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், "எனக்கு ஒண்ணும் தெரியாது மேஸ்திரி, அவளுக்கு நெஞ்சுல சீக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான். தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "நெருப்பு வெக்கசொல்ல எனக்கும் கை நடுங்கும். நான் அவகிட்ட சொன்னதில்ல" என்றான். அவனே போய்த் தண்டவாளத் துண்டைத் தோளில் தூக்கினான். புங்க மரக்கிளையில் சங்கிலி போட்டுக் கட்டியதும் அவன்தான்.

டாக்டருக்குத் தெரிந்ததும் ஒரு சத்தம் போட்டார். "நீ சைக்காலஜிஸ்ட்டா, யூனியன் லீடரா?" அவள் அவரை மரத்தடிக்குக் கூட்டிப்போய் ரோஸ் மண்ணைக் காட்டினாள். இரண்டு வருஷமாகத் தான் எழுதிக்கொடுத்த சீட்டெல்லாம் அங்கே ஊறிக்கிடப்பதை அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து சாயங்கால வகுப்பில் கடைசியில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமைகளில் அற்புதமேரி காலனிக்குப் போனாள். பாட்டிலோடு பஸ்ஸேறி ஓடிக்கொண்டிருந்தவர்களைத் தண்ணீர்ப் பம்ப் பக்கத்தில் ஒன்றாக உட்காரவைத்தாள். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டு, நாலு எண்ணுகிறவரைக்கும் மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னாள். பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் எண்ணினார்கள். வெடி முடிந்து மேலே மணி அடிக்கும். இரண்டு அடி அடுத்தடுத்து, மூன்றாவது அடி கொஞ்சம் தாமதித்து. அது சுப்பராயன் கை. சுந்தராம்பாளுக்கு அந்தத் தாமதம் மனப்பாடமாகிவிட்டது.

பொங்கல் கழிந்து கமிட்டி வந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். தலைவர் சவரிநாதர் சாமியார், காலேஜ் பிரின்சிபாலாக இருந்தவர், வெள்ளை அங்கி, கையில் தடி. கூட இரண்டு பேர். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று பார்த்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

"வியாழக்கெழமைன்னா கேட்டுக்கு வெளிய நிப்பாங்கன்னு ரிப்போர்ட்ல படிச்சேனேம்மா? நீ வந்தப்புறம் கூட்டம் கொறைஞ்சிருக்கே?"

அற்புதமேரி பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவு பாடுபட்டாள், கடைசியில் அவள் செய்த வேலையே அவளுக்கு எதிராக வந்து நிற்கிறதே! நாகப்பனால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சாமி, தோத்திரம். கூட்டம் வராததுதான் சாமி அந்தம்மா செஞ்ச வேல. ரோஸ் மிக்சர் பாதி கூட செலவாவல."

"மருந்து மிச்சமானதுக்கு ஒரு உத்தியோகமா?" என்றார் கூட வந்தவரில் ஒருவர்.

"இல்லை சாமி" என்று சூசைராஜ் முன்னால் வந்தார். "நான் ரெண்டு வருஷம் பாத்தும் எனக்குத் தெரியாததை அவ ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சுக்கிட்டா. எக்ஸ்ரே மெஷின் அடுத்த வருஷம்கூட வரட்டும்."

அற்புதமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சாமி, மணி மூணே கால். நீங்க வந்த ஜீப்பைக் குடுத்தீங்கன்னா நாலு மணிக்குள்ள குவாரி காலனிக்குப் போயிடலாம். வந்து ஒரு அரைமணி நேரம் எங்ககூட சும்மா உக்காருங்க. அப்புறம் நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி."

பம்ப் பக்கத்தில் பன்னிரண்டு பெண்களும், முன்னமே வந்திருந்த ரோஸியும் இருந்தார்கள். சாமியாருக்கு ஒரு கயிற்றுக்கட்டில் போட்டார்கள். சுந்தராம்பாள் மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஏழு குழி சாமி" என்று மட்டும் சொன்னாள். சரியாக நாலு மணிக்கு மலை அதிர்ந்தது. கட்டில் கால் ஆடியது. சாமியார் தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு. பெண்கள் உதடு அசைய எண்ணினார்கள். ஆறு வரைக்கும் வந்தது.

ஏழாவது வரவில்லை.

புழுதி மெதுவாக இறங்கியது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. "முடிஞ்சிதா?" என்றார் சாமியார். "ஒண்ணு பாக்கி கீது" என்றாள் சுந்தராம்பாள். முறத்தில் அவள் கை நின்றிருந்தது. போன வருஷமாக இருந்தால் இந்த நேரத்துக்கு அவள் ஐந்து மைல் தள்ளி ஜில்லிட்ட கையோடு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு ஒருத்தியும் எழுந்து ஓடவில்லை, ஒருத்தியும் மயங்கி விழவில்லை. பக்கத்தில் இருப்பவளின் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, விரல் கணுக்களில் கட்டைவிரல் ஊர, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. அற்புதமேரிக்கும் இருந்தது. கர்த்தரே, கர்த்தரே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதோடு சேர்த்து நாலும் ஆறும் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சாமியாரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அங்கியின் மேல் கையை வைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டார். "எவ்வளவு நேரம்மா இப்பிடி? எனக்கே என்னமோ பண்ணுதே" என்றார். அவர் குரல் பிரின்சிபால் குரலாக இல்லை. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் மலையையே பார்த்தார்கள்.

சுந்தராம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் வந்து மண்டி போட்டாள். "அதான் சாமி. இதான் எங்களுக்கு வந்துகினு இருந்த சீக்கு" என்றாள். பிறகு அவருடைய வலது கையை, தயங்காமல், தன் கையில் எடுத்துக்கொண்டாள். "கட்டவெரல இங்க வையுங்க. நாலு எண்ணி இழுங்க. தோ, அப்பிடித்தான். ஆறு எண்ணி வுடுங்க. டீச்சரம்மா சொல்லிக்குடுத்தது. நல்லா எண்ணுங்க சாமி, அவசரமே இல்ல."

நாற்பது வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தின மனுஷர் குழந்தையைப் போல எண்ணினார். ரோஸி வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அற்புதமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வகுப்பை அவள் நடத்தவில்லை, நடத்த வேண்டிய அவசியமும் இல்லை. வேலை போனாலும் போகட்டும், இதை இனிமேல் இந்த மண்ணிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று அவள் நெஞ்சு அடித்துச் சொன்னது.

ஏழாவது குழி வெடித்தது. பறவைகள் கலைந்து எழுந்தன. அதற்குப் பிறகு எல்லோரும் இன்னும் கெட்டியாக உட்கார்ந்தார்கள், மேலே இப்போது பேர் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். சுந்தராம்பாள் சாமியாரின் கையை விடவில்லை.

டங். டங்.

சுந்தராம்பாள் கண்ணை மூடினாள். மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வருகிற நேரம்.

டங்.

"அவருதான்" என்றாள். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, முறத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். "ஒல வெக்கணும், நேரமாச்சி" என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் பேசிக்கொண்டே குடத்தைத் தூக்கினார்கள். கயிற்றுக்கட்டிலில் சாமியார் மட்டும் அப்படியே இருந்தார். தடி கீழே விழுந்து கிடந்தது. அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக, இன்னும் எண்ணிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.